ஜகதீச சந்திர வஸுவும் நம் கடனும்

பெரியோரை நினைவு கூரும் முறை நம் நாட்டில் இரண்டு உண்டு. அவர்கள் செய்த காரியம் இன்னதென்று அறிந்து, அதில் எஞ்சி நிற்பதை மேற்கொள்ளுவது ஒன்று. அவர்கள் பெயரைச் சொல்லி மார்தட்டிக்கொண்டு, காரியத்தை அவர்களோடு சிதையில் ஏற்றிவிடுவது மற்றொன்று. ஜகதீச சந்திர வஸுவின் விஷயத்தில் நாம் பெரும்பாலும் இரண்டாவது முறையையே கைக்கொண்டிருக்கிறோம். தேசாபிமானிகள் கூடும் இடத்தில் அவர் பெயர் எழுந்தால், கம்பியில்லாத் தந்தியை முதலில் கண்டவர் அவரே என்றும், மார்க்கோனி அதைக் கவர்ந்துகொண்டார் என்றும் ஒருவர் பேசுவார். கைதட்டல் எழும், கூட்டம் கலையும். அவர் எதைக் கொண்டு என்ன செய்தார், செய்தது ஏன் நம் கையில் நில்லாமற் போயிற்று என்று கேட்போர் மிகச் சிலரே. கட்சிக்காரர் கூறும் கதையைக் கேட்ட பின்னர்ப் பத்திரங்களைக் காட்டச் சொல்லுவது எம் போன்ற வழக்கறிஞரின் தொழில் வழக்கம். வஸுவின் பத்திரங்களையும் அவ்வாறே பார்ப்போம்.

ஆங்கில முறையில் போஸ் என்று எழுதப்படும் அப்பெயர் வங்காளத்தில் வஸு என்றே வழங்குவது. ஜகதீசர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர வஸு, டிப்டி மாஜிஸ்திரேட் உத்தியோகத்தில் இருந்தவர். அக்காலத்து உத்தியோகஸ்தர் யாவரும் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு விரட்டிக்கொண்டிருந்த போது, அவர் தம் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். செம்படவர் பிள்ளையும், வீட்டுச் சேவகரான முஸ்லிமின் பிள்ளையும் ஜகதீசருக்கு அங்கே பக்கத்து மாணவர்கள். பர்துவானில் கொள்ளைச் சுரம் பரவிப் பல குழந்தைகள் அநாதைகளான சமயத்தில், பகவான் சந்திரர் தம் வீட்டு வளவிலேயே தச்சு வேலை, கடைசல் வேலை, உலோக வார்ப்பு ஆகியவற்றுக்குப் பட்டறைகள் திறந்து அவர்களுக்குத் தொழில் கற்பித்தார். மாஜிஸ்திரேட்டின் மகன் அப்பட்டறையில் உளியும் சுத்தியும் பிடித்துப் பழகினான். பிற்காலத்து வஸுவை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இந்தப் பட்டறையை மறத்தல் கூடாது.

கல்கத்தாவில் ஸெயிண்ட் சேவியர் கலாசாலையில் லாபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்றார். 1880-ல் வைத்தியம் கற்க லண்டன் சென்றார். உடல்நலம் குன்றவே அதை விட்டுக் கேம்பிரிட்ஜில் கிறிஸ்து கல்லூரியில் சேர்ந்து, ராலே பிரபு முதலிய ஆசிரியர்களிடம் இயற்கை விஞ்ஞானம் கற்று, 1884-ல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு கல்கத்தா பிரெஸிடென்ஸி கலாசாலையில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார்.

அமர்ந்த அன்றே அவமானமும் வந்து சேர்ந்தது. கல்வி இலாகாவில் ஐரோப்பியருக்கு முழுச் சம்பளம். அதே வேலை செய்யும் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. வஸுவின் நியமனம் தாற்காலிகமானது என்று சொல்லி, அந்த இரண்டு பங்கிலும் பாதியே அளித்தனர். பலர் இத்தகைய நிலையில் மனு எழுதுவர், அல்லது முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொள்வர். வஸு சம்பளத்தையே தொடவில்லை. ஒரு நாள் தவறாமல் கலாசாலைக்குச் சென்று பாடம் நடத்தினார். மாதந்தோறும் வந்த பணத்தைத் திருப்பினார். மூன்று ஆண்டுகள் இவ்வாறு சென்றன. தந்தையார் பொதுநன்மைக்காகத் தொடங்கிய தொழில்கள் நஷ்டமுற்றுக் குடும்பம் கடனில் ஆழ்ந்திருந்த காலம் அது. 1887-ல் அபலா தாஸ் என்னும் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையார் நம் சென்னை வைத்தியக் கலாசாலையில் பயின்றவர் என்பது தமிழர் அறிந்து மகிழத் தக்கது. இல்லறம் தொடங்கியும் வஸு தம் உறுதியைத் தளர்த்தவில்லை. முடிவில் சர்க்கார் இணங்கிற்று. உத்தியோகம் நிலைப்படுத்தப்பட்டது; மூன்றாண்டுச் சம்பளமும் முழுமையாகக் கொடுக்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கடனைத் தீர்க்கச் சென்றது. ஒத்துழையாமை என்னும் சொல் நம் அரசியலில் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே, அதன் பொருளைத் தனி ஒருவராக நடத்திக் காட்டியவர் இவர்.

1894-ல், முப்பத்தாறாம் வயதில், ஆராய்ச்சிக்கே வாழ்வை அளிப்பதென்று வஸு உறுதி கொண்டார். ஆராய்ச்சிச்சாலை ஏது? கலாசாலையில் குளிப்பறையை அடுத்த ஒரு சிற்றறை கிடைத்தது; அதன் பரப்பு 24 சதுர அடி. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். கருவி செய்ய இங்கிலாந்திலிருந்து எவரும் வரவில்லை. படிப்பறியாத தகரத் தொழிலாளி ஒருவர் உடன் இருந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் கண்ணுக்குத் தெரியாத மின் அலைகள் உண்டென்று நிலைநாட்டத் தொடங்கியிருந்தார். அவர் ஆராய்ந்த அலையின் நீளம் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர். ஒளி எப்படி வளைகிறது, திரும்புகிறது, பிரிகிறது என்பதையெல்லாம் மின் அலையிலும் சோதிக்க வேண்டுமானால் அவ்வளவு நீண்ட அலை உதவாது. குறுகிய அலை வேண்டும். வஸு தகரத்தையும் பித்தளையையும் கொண்டு 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலையை எழுப்பினார். அது வினாடிக்கு 6,000 கோடி முறை அதிர்வது. நம் காலத்தில் மோட்டார் வண்டிகளில் பொருத்தப்படும் ராடாரும், அதிவேகச் செய்தித் தொடர்பும் இந்த மில்லிமீட்டர் அலைகளையே நாடுகின்றன.

அலையை ஒரு தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்ட ஒரு கருவி தேவைப்பட்டது. பிராட்ஷா என்னும் ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கு இடையே வெள்ளீயத் தாளைச் செருகினார்; கருவி ஆயிற்று. 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் பலர் முன்னிலையில், நடுவே நின்ற சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையால் 75 அடி தொலைவில் மணியை ஒலிப்பித்து வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். 1896-ல் லண்டன் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரி 29-ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை இயக்கிப் பிரசங்கம் செய்தார்.

1898-ல் அவர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைச் சிங்கம்புணரி அன்பர்கள் தனியே கவனிக்க வேண்டுகிறோம். சர்க்கரைக் கரைசல் வழியே ஒளி செல்லும்போது அதன் அதிர்வுத் தளம் ஒரு பக்கமாகத் திரும்பும். சர்க்கரையின் அணுத்திரள் முறுக்குண்ட அமைப்பு உடையதாதலால் இவ்வாறு நேர்கிறது என்பது கருத்து. அணுத்திரளை யார் கண்ணால் கண்டார்? கண்ணால் காணும் அளவில் அதைச் செய்து பார்த்தால் என்ன என்று வஸு எண்ணினார். வங்காளத்தில் மலிந்து கிடப்பது சணல். சணற்கற்றைகளை முறுக்கினார், சிலவற்றை வலமாக, சிலவற்றை இடமாக. அவற்றின் வழியே மின் அலையைச் செலுத்தினார். வலமுறுக்குக் கற்றைகள் அலையின் தளத்தை ஒரு பக்கம் திருப்பின. இடமுறுக்குக் கற்றைகள் எதிர்ப்பக்கம் திருப்பின. இரண்டையும் சம எண்ணிக்கையில் கலந்து வைத்தபோது தளம் திரும்பவேயில்லை. தென்னை நாரைத் திரித்துக் கயிறாக்கும் நம் ஊர்த் தொழிலாளருக்கு வலமுறுக்கும் இடமுறுக்கும் கையின் பழக்கம். அப்பழக்கத்திலிருந்தே ஓர் இந்தியர் பொருளின் உள்ளமைப்பு பற்றிய ஓர் உண்மையைச் சோதித்துக் காட்டினார். பொருள் எதனால் ஆனது என்பது மட்டுமன்று, அது எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதும் அதன் குணத்தை நிர்ணயிக்கும் என்பதே அச்சோதனையின் சாரம். இதனை மனத்தில் இருத்துக. பின்னர் இவ்விடத்துக்கே வருவோம்.

இனிக் கல்லின் வரலாறு. மின் அலை வந்து சேர்ந்ததை அறிய அக்காலத்தில் உலோகத் தூள் நிரப்பிய குழாயைப் பயன்படுத்தினர். அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும்; மறுபடி வேலை செய்ய அதைத் தட்டி உதிர்க்க வேண்டும். தட்டாமலே தானாக மீளும் கருவியை, இரும்பையும் பாதரசத்தையும் கொண்டு வஸு செய்து 1899-ல் வெளியிட்டார். அதற்கும் மேலான ஒன்றைப் பல பொருள்களைச் சோதித்துக் கண்டார். கலீனா என்று வழங்கும் ஈயக் கந்தகக் கல்லின் மேல் ஓர் உலோக முனையை மெல்ல வைத்தால், அந்த இணைப்பு மின் அலையை உணர்ந்து காட்டியது, ஒளியையும் உணர்ந்தது. இத்தகைய கல்லில் முனை தொடும் இடத்தில் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் செல்லும் என்பதை ஜெர்மானியரான பிரௌன் 1874-ல் கண்டிருந்தார். அதனை அலை அறியும் கருவியாக ஆக்கியவர் வஸு. பொருள்களை அவை அலைக்கு விடையளிக்கும் விதத்தைக் கொண்டு நேர், எதிர் என்று இரு வகையாகவும் பிரித்தார். செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடுவதும் அன்று, கண்ணாடியைப் போல முற்றும் தடுப்பதும் அன்று, இடைப்பட்டது எதுவோ அதனை இன்று குறைகடத்தி என்கிறோம். வஸுவின் கல் குறைகடத்தி.

1901-ல் லண்டனில் அவர் பிரசங்கம் செய்யவிருந்த சமயத்தில், தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் அவரை நாடி வந்தார். விவரம் முழுவதையும் சபையில் வெளியிட வேண்டாம், உரிமை பதிவு செய்து லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வோம் என்பது அவர் யோசனை. வஸு மறுத்தார். நண்பர் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் அதனை வெறுப்போடு குறித்திருக்கிறார். எனினும், ஸகோதரி நிவேதிதையும் ஸாரா புல் என்னும் அமெரிக்க அம்மையாரும் வற்புறுத்தியதன் பேரில் கலீனாக் கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1901 செப்டம்பர் 30-ல் விண்ணப்பம். 1904 மார்ச்சு 29-ல் உரிமை. எண் 7,55,840. குறைகடத்திக் கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் உரிமைப் பத்திரம் இதுவே என்று அறிஞர் கருதுகின்றனர். பத்திரத்தை வஸு பெட்டியில் வைத்தார். அதைக் கொண்டு ஒரு காசும் தேடவில்லை.

வழக்கு இவ்விடத்தில்தான் இருக்கிறது. கம்பியில்லாத் தந்தியை ஒரு வியாபாரமாக, கடல் கடந்து செய்தி அனுப்பும் ஏற்பாடாக, முயன்று நிலைநாட்டியவர் மார்க்கோனி. வஸு அதனை நாடவேயில்லை. 1901-ல் அட்லாண்டிக் சமுத்திரம் கடந்து வந்த செய்தியைக் கேட்க மார்க்கோனி கையாண்ட பாதரசக் கருவி வஸுவின் கருவியை ஒட்டியது என்று ஆராய்ந்து எழுதியோர் உண்டு. அவ்வளவுக்கு வஸுவின் கட்சி வலுவானது. ஆயினும் தந்தி முழுவதும் அவருடையது என்று வாதிப்பது, சொந்த நிலத்துக்குப் பத்திரம் கையில் இருக்க, அயலான் நிலத்துக்கு வழக்காடுவது போலாகும். மில்லிமீட்டர் அலையும் கல் கருவியும் எவரும் மறுக்கவொண்ணாத அவருடைய சொத்து. டிரான்ஸிஸ்டரைக் கண்டு 1956-ல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான பிராட்டனே, குறைகடத்திக் கல்லால் மின் அலையை அறிந்த முன்னுரிமை வஸுவுடையது என்று தாம் பியர்ஸனோடு சேர்ந்து எழுதிய குறைகடத்தி வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

சொத்து நமதாயின், விளைச்சல் எங்கே போயிற்று? 1906-ல் அமெரிக்கரான பிக்கார்டு, ஸிலிக்கன் கல்லை வைத்து உரிமை பெற்றார். முனையும் கல்லும் ஏன் அவ்வாறு இயங்குகின்றன என்பது பற்றி அங்கே பெரிய விவாதம் எழுந்தது. முனையில் பிறக்கும் வெப்பத்தால் உண்டாகும் மின்சாரமே காரணம் என்று முதலில் நம்பினர். ஹார்வர்டு சர்வகலாசாலையின் பியர்ஸ் அது அன்றென்று சோதனையால் காட்டினார். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்து, மறுத்ததைப் பத்துப் பேர் சோதித்து, நாற்பது ஆண்டுகள் உழைத்ததன் பயனாக 1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிச்சாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. கல்கத்தாவிலோ, வஸுவின் கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் சென்றன. அவர் உள்ளம் உயிர்ப்பொருளின் பக்கம் திரும்பியது. அலை பட்டுப் பட்டுக் கல் சோர்வதையும், ஓய்வு கொடுத்தால் தெளிவதையும் கண்டவர், உலோகத்துக்கும் தசைக்கும் செடிக்கும் உள்ள ஒற்றுமையைத் தேடத் தொடங்கினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி செய்தார். லண்டன் அறிஞர் சிலர் எதிர்த்தனர். ராயல் சொஸைட்டி 1901-ல் அவர் கட்டுரையை அச்சிடாது வைத்தது. அதே சபை 1920-ல் அவரை அங்கத்தினராக ஏற்றது. அப்பகுதியும் பெருமையுடையதே. ஆனால் கல்லின் வழியை அவர் விட்டுச் சென்றபோது அதை எடுத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை என்பதே நம் துக்கம்.

அறிவுக் குறைவா? இல்லை. ஸத்யேந்திர நாத வஸுவும் மேக்நாத் ஸாஹாவும் அவர் காலத்தில் பிரெஸிடென்ஸியில் பயின்ற மாணவர்கள். பட்டறை இல்லை, பணம் இல்லை, கல்லை வாங்கிப் பயன்படுத்தும் தொழில் இல்லை. ஆராய்ச்சியைத் தொடர்ந்து அயல்நாட்டில் தங்குவதற்குத் தாகூர், திரிபுரா மகாராஜாவிடம் பொருள் பெற்று உதவ வேண்டியிருந்தது. ஆட்சியாளருக்கோ, இந்தியாவில் கருவித் தொழில் வளர வேண்டும் என்ற விருப்பமே கிடையாது. இக்குறையை வஸு உணர்ந்தே இருந்தார். 1917-ல் தம் பிறந்த நாளாகிய நவம்பர் 30-ஆம் தேதி, வாழ்நாள் சேமிப்பையும் நாட்டார் அளித்த நன்கொடையையும் கொண்டு கல்கத்தாவில் வஸு விஞ்ஞான மந்திரத்தைத் திறந்தார். அங்கே காணப்படும் உண்மை எதற்கும் தனியுரிமை பெறுவதில்லை என்றும் விதித்தார். 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமானார். அவர் நிறுவிய மந்திரம் இன்றும் நடைபெறுகிறது.

தனியுரிமையை அவர் துறந்தது சரியா என்று சிலர் கேட்கக்கூடும். அறிவை விற்பதில்லை என்பது அவர் ஏற்ற தர்மம். அதைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒருவர் துறவு பூணுவது வேறு. அவர் துறந்த நிலத்தை ஊரார் தரிசாக விடுவது வேறு. வஸு பொதுவுக்கு விட்டதை அமெரிக்கரும் ஜெர்மானியரும் பயிரிட்டனர். பொதுவில் பங்குள்ள நாம் பயிரிடவில்லை. அதன் விலையை இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறோம். குறைகடத்தித் தொழிலை இந்நாட்டில் ஊன்றுவதற்கென்று 2021-ல் மத்திய சர்க்கார் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை வகுத்தது. முதல் பத்திரம் எவர் பெயரில் உள்ளதோ, அவருடைய நாட்டார் அத்தொழிலை விலை கொடுத்து அழைக்கிறார்கள்.

கல்லின் கதை டிரான்ஸிஸ்டரோடு முடிந்ததென்றும் எண்ண வேண்டாம். இரு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கி மறுமுனையைக் குளிர வைத்தால் மின்சாரம் ஓடும் என்பது 1821-ல் ஸீபெக் கண்டது. உலோகத்தில் அது சிறிதளவே கிட்டும். மின்சாரம் நன்கு ஓட வேண்டும், வெப்பம் ஓடலாகாது. உலோகமோ இரண்டையும் ஒருங்கே விடும். குறைகடத்தியிலேயே இவ்விரண்டையும் பிரிக்க இயலும். வஸுவின் கல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் ஈயத் தெல்லூரியம். கந்தகம் இருந்த இடத்தில் தெல்லூரியம் இருக்கும், படிக அடுக்கு ஒன்றே. 2012-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய கியூரியாஸிடி வண்டிக்கு, புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து ஏறக்குறைய 110 வாட் மின்சாரம் எடுத்துத் தருவது இப்பொருளே. 1993-ல் ஹிக்ஸ், டிரெஸல்ஹாஸ் என்ற இருவர், இத்தகைய பொருளை மிக மெல்லிய ஏடாகவோ இழையாகவோ ஆக்கினால் அதன் திறன் உயரும் என்று கணித்தனர். அன்று முதல், மயிரிழையைப் பல்லாயிரம் கூறிட்ட அளவில் பொருளை அடுக்கும் நானோ அமைப்புகளை உலகெங்கும் செய்து பார்க்கின்றனர். அந்நுண்ணடுக்கின் எல்லைகளில் வெப்பம் தடுக்கி நிற்கும். மின்சாரம் பெரும்பாலும் தாண்டிச் செல்லும். இவ்வாராய்ச்சியை வஸு செய்தார் என்று நாம் சொல்லமாட்டோம். பொருளின் குணத்தை அதன் அடுக்கினாலேயே மாற்றலாம் என்று சணலைக் கொண்டு அவர் காட்டிய கருத்தின் வழியில் இது நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுவோம். சூளையிலும் ஆலையிலும் மோட்டார்ப் புகைக்குழாயிலும் வீணாகும் வெப்பத்தில் ஒரு பங்கை மீட்கும் வழி இதில் உண்டு. வெயிலும் அனலும் குறைவற்ற நம் நாட்டுக்கு இது வேடிக்கை அன்று.

இதற்கு நம் பக்கத்தில் இடம் உண்டா? உண்டு. காரைக்குடி நமக்கு அயலூர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். திரிபுரா மகாராஜா வஸுவுக்குச் செய்ததைச் செட்டிநாட்டு வள்ளல் ஒரு தலைமுறை முழுவதற்கும் செய்தார். வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்து, கல்கத்தாவில் ஆராய்ச்சி பயின்று, புது தில்லியின் தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலைக்கு முதல் தலைவரான கே. எஸ். கிருஷ்ணனும் தென்பாண்டிச் சீமையின் புதல்வரே. ஆளும் இடமும் நமக்குப் புதியன அல்ல.

ஆகவே, ஆண்டுதோறும் நவம்பர் 30-ஆம் தேதி படத்துக்கு மாலையிட்டுப் பிரசங்கம் செய்யும் அன்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். மாலைக்காகும் செலவில் நம் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு ஒரு பட்டறை மேஜை வாங்கிக் கொடுங்கள். ஓர் உளி, ஒரு காந்தம், ஒரு மின்மானி, ஒரு கலீனாத் துண்டு அங்கே இருக்கட்டும். கயிறு திரிப்போர் வீட்டுப் பிள்ளையும் கொல்லர் வீட்டுப் பிள்ளையும் அம்மேஜையில் முதலிடம் பெறட்டும். வஸுவின் கருவிகளில் பாதி, பெயர் எழுதப்படாத ஒரு தகரத் தொழிலாளியின் கைவேலை. பொருளுள்ளவர் ஆராய்ச்சி மாணவருக்கு உபகாரச் சம்பளம் அளிக்கட்டும். சட்டசபையில் நம் சார்பாய்ப் பேசுவோர் ஆராய்ச்சி நிலையங்களின் காலியிடங்கள் ஏன் நிரப்பப்படவில்லை என்று கேட்கட்டும். மூன்றாண்டு சம்பளமின்றிப் பாடம் நடத்தியவர் நம்மிடம் வேண்டுவது புகழ்ச்சி அன்று. அவர் பொதுவுக்கு விட்ட நிலத்தில் ஏர் பூட்டுவதே அவருக்கு நாம் செலுத்தும் கடன்.